விதிகள் வராத சட்டமும் ஒரு வழக்கறிஞரின் வேலையும்

தனியார் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் ஒழுங்குபடுத்துவதற்கென்று தமிழ்நாடு சட்டமன்றம் 1997ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பதிவு செய்யாமல் மருத்துவமனை நடத்தக்கூடாது, குறைந்தபட்ச வசதிகள் இருக்க வேண்டும், மீறினால் தண்டனை உண்டு என்பதெல்லாம் அதில் இருந்தது. யாரிடம், எந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பது, குறைந்தபட்ச வசதி என்றால் எவ்வளவு இடம், எத்தனை செவிலியர், என்னென்ன கருவிகள் என்பதை மட்டும் சட்டம் விதிகளுக்கு விட்டுவிட்டது. அந்த விதிகள் 2018இல்தான் வந்தன. நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்தது, பார் கவுன்சிலில் பதிவு செய்தது, சீனியரிடம் ஜூனியராக இருந்தது, தனியாக அலுவலகம் வைத்தது எல்லாமே இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். புத்தகத்தில் சட்டம் இருந்தது; அதன்படி ஒரு விண்ணப்பத்தைக்கூட எங்கும் கொடுக்க முடியாது.

மருத்துவத் துறை சார்ந்த சட்டப் பணியில் ஈடுபட விரும்பும் இளம் வழக்கறிஞர்கள் அவ்வப்போது என்னிடம் பேசுவதுண்டு. பெரும்பாலும் அவர்கள் கேட்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி. தீர்ப்புகள் முக்கியமானவைதான். ஆனால் ஒரு நோயாளிக்கு வார்டில் என்ன நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவற்றுக்குக் கீழே இருக்கும் விதிகளும் அரசாணைகளும் படிவங்களும் பட்டியல்களும் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. என் தொழில் வாழ்க்கை நீதிமன்றத்தில் தொடங்கி மெல்ல மெல்ல அந்தக் கீழ்த்தளத்திற்கு இறங்கிய கதைதான் இந்தப் பதிவு.

இத்துறைக்குள் வரும் வழக்கறிஞர்களில் பெரும்பாலோரைப் போல நானும் நுகர்வோர் வழக்குகளின் வழியாகவே வந்தேன். இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் அளித்த தீர்ப்பு, கட்டணம் பெற்றுக்கொண்டு அளிக்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று உறுதிசெய்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் மட்டும் அதற்கு வெளியே நின்றன. ஆகவே 1997 சட்டம் முடங்கிக் கிடந்த காலத்தில், தனியார் மருத்துவமனையைக் கேள்வி கேட்க ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இருந்த நடைமுறை வழி நுகர்வோர் மன்றம் ஒன்றுதான். ஒழுங்குமுறை அதிகாரி செய்ய வேண்டிய வேலையை இழப்பீட்டு வழக்கு செய்துகொண்டிருந்தது என்றுகூடச் சொல்லலாம். அது அந்த வேலைக்குப் பொருத்தமான கருவி அல்ல. நடந்து முடிந்த ஒன்றுக்கு வாய்தா மேல் வாய்தாவாகப் பல ஆண்டுகள் கழித்துத் தொகை கிடைக்கும், அதே வார்டில் அதே குறை அப்படியே இருக்கும்.

இருந்தாலும் அந்த வழக்குகள் எனக்குக் கற்றுக்கொடுத்தவை ஏராளம். என் சீனியர் ஒரு கேஸ் ஷீட் கையில் வந்ததும் மருத்துவர்கள் எழுதிய பக்கங்களைத் தள்ளிவைத்துவிட்டு நர்ஸிங் சார்ட்டைத்தான் முதலில் எடுப்பார். அறுவை முடிந்த இரவில் மணிக்கொரு முறை பார்த்ததாக எழுதப்பட்டிருக்கும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில், இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் எந்த வேறுபாடும் இல்லாத எண்களாக இருந்தால், அந்தப் பக்கம் காலையில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பப்பட்டது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. அந்த இரவில் அந்த வார்டில் எத்தனை படுக்கைகளுக்கு எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்ற டியூட்டி பட்டியலையும் அடுத்து வரவழைத்துவிட்டால் வழக்கின் முக்கால் பங்கு கண்முன் நிற்கும். அந்தச் செவிலியரைக் குறுக்கு விசாரணையில் மடக்குவது எளிது. அத்தனை நோயாளிகளை ஒருவரிடம் ஒப்படைத்த நிர்வாகத்தைக் கேட்பதற்குத்தான் அன்று விதி எதுவும் இல்லை.

குற்றவியல் பக்கத்தில் ஜேக்கப் மேத்யூ வழக்கின் 2005 ஆகஸ்ட் தீர்ப்பு எங்கள் எல்லோருடைய வேலையையும் மாற்றியது. மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்பது அந்த வழக்கின் குற்றச்சாட்டு. மருத்துவரைக் குற்றவியல் சட்டத்தின் கீழ் தண்டிக்கச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்றும், அத்துறை அறிந்த வேறொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தைப் பெறாமல் காவல்துறை மேலே செல்லக்கூடாது என்றும், மருத்துவர்களை வழக்கமான முறையில் கைது செய்யக்கூடாது என்றும் நீதிமன்றம் கூறியது. இந்தக் கருத்தைத் தர அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களை நாடிப் போவதும், ஒரே ஊரில் ஒரே சங்கத்தில் இருக்கும் மருத்துவர்கள் ஒருவருக்கு எதிராக இன்னொருவர் எழுதத் தயங்குவதும் அதன் பிறகு அன்றாடக் காட்சிகள் ஆயின. மருத்துவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு தேவை என்றே நான் கருதுகிறேன். ஆனால் இதற்கென்று மருத்துவக் கவுன்சிலைக் கலந்து அரசு முறையான விதிகள் வகுக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்ன பகுதியைப் பாதுகாப்பு கேட்டவர்கள் எவரும் அத்தனை ஆர்வத்தோடு நினைவூட்டியதில்லை.

நான் நீதிமன்றத்திலிருந்து சற்று விலகி மருத்துவமனைகளுக்கு உள்ளே வேலை செய்யத் தொடங்கியது ஒப்புதல் படிவத்தின் காரணமாக. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. நோயைக் கண்டறிவதற்காகச் சிறு துளை வழியே கருவியைச் செலுத்திப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்கு ஒப்புக்கொண்டு மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கருப்பை அகற்றப்பட்ட வழக்கு அது. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது வயது வந்த, சுயமாக முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக வேறொருவர் சம்மதிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. கொடுக்கப்பட்ட இழப்பீடு 25,000 ரூபாய்தான். மருத்துவர் தம் கட்டணத்தைக் கேட்கவும் முடியாமற்போனது. தொகை சிறியது என்பதால் செய்தித்தாள்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. மருத்துவமனை நிர்வாகங்கள் கண்டுகொண்டன.

ஒப்புதல் படிவத்தைத் திருத்தித் தர அப்படி நான் அழைக்கப்பட்ட ஒரு நடுத்தர அளவு மருத்துவமனையில், புதிய படிவத்தை எழுதுவதற்கு முன் நோயாளிகளின் கோப்புகளை வைக்கும் எம்.ஆர்.டி. அறையில் உட்கார்ந்து பழைய படிவங்களைப் பார்த்தேன். முன்பணம் கட்டும் கவுண்டரிலேயே, அறுவை மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, ரசீதுகளோடு ரசீதாக ஒப்புதல் படிவத்திலும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். செய்யப்போகும் அறுவையின் பெயருக்கான கோட்டில் பிறகு யாரோ வேறு மையில் எழுதியிருந்தார்கள். சிலவற்றில் அந்தக் கோடு காலியாகவே இருந்தது. நோயாளி கைநாட்டு வைத்திருந்த படிவங்களில் சாட்சிக் கையெழுத்து வார்டு அட்டெண்டருடையது. படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டு, ‘எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது’ என்ற வரியும் ஆங்கிலத்திலேயே இருந்தது.

நான் எழுதித் தந்த முதல் வரைவை அந்த மருத்துவமனையின் மூத்த செவிலியர் ஒருவர் படித்துவிட்டு, ‘மேடம், ஓ.டி. லிஸ்ட்ல எட்டு கேஸ் இருக்கிற அன்னைக்குக் காலையில இதை யார் உட்கார்ந்து எழுதுவாங்க?’ என்று கேட்டார். சரியான கேள்வி. அறுவை நாள் காலையில் நோயாளி வெறும் வயிற்றோடு, கையில் ஊசி ஏற்றப்பட்ட நிலையில், பதற்றத்தில் இருப்பார். அப்போது எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். எனவே அறுவை தேதியைக் குறிக்கும் புறநோயாளிப் பிரிவுக்கே படிவத்தை மாற்றினோம். சேர்க்கைக்கான பொது ஒப்புதல் தனித்தாள். அறுவைக்கான ஒப்புதல் தமிழில் ஒரே பக்கம். அறுவையின் பெயரை மருத்துவர் நோயாளியின் முன்னிலையில் தம் கையாலேயே எழுத வேண்டும். அறுவையின்போது வேறு உறுப்பையோ திசுவையோ அகற்ற நேரிட்டால் என்ன செய்யலாம், எதைக் கேட்காமல் செய்யக்கூடாது என்பதற்குத் தனி இடம். எழுதத் தெரிந்தவர் கடைசியில் ஒரு வரியைத் தம் சொற்களில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்கான சாட்சி மருத்துவமனை ஊழியராக இருக்கக்கூடாது. நான்கு பக்கப் படிவம் மருத்துவமனையைப் பாதுகாக்கும் என்று நினைக்கும் சட்ட ஆலோசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். யாரும் படிக்காத நான்கு பக்கத்தைக் குறுக்கு விசாரணையில் உடைப்பதைவிட எளிதான வேலை எனக்குத் தெரியவில்லை.

படிவங்களின் வலிமையையும் அவற்றால் விளையும் அநியாயத்தையும் ஒருசேரப் பார்க்க வேண்டுமானால் ஸ்கேன் சென்டருக்குப் போக வேண்டும். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ‘ஃபார்ம் எஃப்’ நிரப்பப்பட வேண்டும். அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் அறிக்கை உரிய அதிகாரிக்குப் போக வேண்டும். பதிவேட்டில் ஏதேனும் குறையோ பிழையோ இருந்தால், மாறாக நிரூபிக்கப்படாத வரை அதுவே சட்டத்தின் முக்கியத் தடைகளை மீறியதாகக் கொள்ளப்படும். முதல் குற்றத்திற்கே மூன்றாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எழுத்தர் விட்ட பிழைக்கும் பாலினத்தைச் சொன்ன குற்றத்துக்கும் ஒரே தண்டனையா என்று மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019 மே மாதம் அந்த மனு தள்ளுபடி ஆயிற்று. படிவத்தை நிரப்பாமல் விடுவது வெறும் எழுத்துப் பிழையன்று, இந்தச் சட்டத்தில் கண்காணிப்புக்கு உள்ள ஆதாரமே அந்தப் படிவம்தான் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

சட்டத்தை அப்படிப் படித்தது சரி என்பதே என் கருத்து. பாலினத்தைச் சொல்வது மூடிய அறையில், ஒரு சிரிப்பிலோ தலையசைப்பிலோ நடந்து முடிந்துவிடும் குற்றம். சொன்னவரும் கேட்டவரும் சேர்ந்து மறைப்பார்கள். எழுதப்பட்ட தடயம் என்று ஏதாவது இருக்குமானால் அது அந்தத் தாளில்தான் இருக்க முடியும். ஆனால் நடைமுறையில் நடப்பது வேறு. ஆய்வுக்கு வரும் குழுவுக்குக் காலிக் கட்டங்களை எண்ணுவது எளிது. முதல் குழந்தை பெண்ணாக உள்ள தாய்மார்கள் ஒரே சென்டருக்கு ஏன் தொலைவிலிருந்து வருகிறார்கள் என்று அந்தப் படிவங்களை அடுக்கிவைத்துப் பார்ப்பது கடினம். படிவத்தில் முந்தைய குழந்தைகளின் எண்ணிக்கையும் பாலினமும் கேட்கப்படுவதே அதற்காகத்தான். நான் சில ஸ்கேன் சென்டர்களுக்காக அலுவலகங்களில் ஏறி இறங்கியபோது, ஒரு கையொப்பம் விடுபட்டதற்காக இயந்திரத்துக்குச் சீல் வைக்கப்பட்டதைக் கண்டிருக்கிறேன். எல்லாக் கட்டங்களும் அழகாக நிரப்பப்பட்ட சென்டரை எவரும் கேள்வி கேட்டதில்லை.

இனி 2018க்கு வருகிறேன். அவ்வாண்டு அந்த 1997 சட்டத்தின் பெயரிலிருந்த ‘தனியார்’ என்ற சொல் நீக்கப்பட்டு அரசு மருத்துவமனைகளும் உள்ளே கொண்டுவரப்பட்டன. கூடவே விதிகளும் வந்தன. மாவட்டந்தோறும் மருத்துவ மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், நாங்கள் ஜே.டி. ஆபீஸ் என்று சொல்லும் அந்த அலுவலகம், திடீரென்று விண்ணப்பங்களால் நிரம்பியது. பெரிய மருத்துவமனைகளுக்கு இதில் சிரமம் இல்லை. தர மதிப்பீட்டுக்காக அவை ஏற்கெனவே கோப்புகளை அடுக்கி வைத்திருந்தன. என்னிடம் வந்தவர்கள் வீட்டின் முன்னறையில் முப்பது ஆண்டுகளாகக் கிளினிக் நடத்தும் மருத்துவர்கள். அறையின் அளவு, கழிப்பறை, மருத்துவக் கழிவை எடுத்துச் செல்லும் நிறுவனத்தோடு ஒப்பந்தம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்பட்டபோது, இவ்வளவு காலம் ஐம்பது ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த தமக்கு இது தண்டனையா என்று அவர்கள் கேட்டார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருந்தது. அதே தெருவில் எந்தப் பட்டமும் இல்லாமல் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் விண்ணப்பிக்கவே இல்லை. பதிவு செய்தவரைத்தானே ஆய்வு செய்ய முடியும். எனினும் ஒரு மாவட்டத்தில் எத்தனை மருத்துவமனைகள், எத்தனை படுக்கைகள், எங்கெங்கே என்ற கணக்கே கையில் இல்லாமல் எந்த அரசும் சுகாதாரக் கொள்கை வகுக்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் பதிவு 1997இலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. ராஜஸ்தான் 2023 மார்ச்சில், மருத்துவர்களின் கடும் போராட்டத்துக்கு நடுவே, சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசர நிலையில் வருபவரிடம் முன்பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும், பணம் செலுத்த முடியாதவருக்கான தொகையை அரசு தரும் என்பது அதன் சாரம். எந்தக் கணக்கில், எந்த விகிதத்தில், எத்தனை நாளில் தரும் என்பதை விதிகள் சொல்ல வேண்டும். சட்டம் வந்த அடுத்த ஆண்டும் விதிகள் இல்லாமலே கழிந்தது. இந்தச் சட்டத்தைப் பாராட்டி எழுதப்பட்ட கட்டுரைகளை நான் நிறையப் படித்தேன். விதிகளைக் கேட்டு எழுதப்பட்டவை மிகக் குறைவு.

கொள்கை வகுக்கும் பணி என்றதும் அமைச்சரின் அறையில் அமர்ந்து ஆலோசனை சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் அது அரசிதழைப் படிப்பதுதான். வரைவு விதிகள் அரசிதழில் வெளியாகும். ஆட்சேபணைகளுக்கும் ஆலோசனைகளுக்கும் பெரும்பாலும் முப்பது நாள் தரப்படும். அந்த நாட்களுக்குள் விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, மாற்றுச் சொற்றொடரையும் நாமே எழுதி, காரணத்தை இரண்டு பத்திகளில் சொல்லி அனுப்புபவரின் கருத்துக்குக் கோப்பில் இடம் கிடைக்கும். ‘இந்த விதி மக்கள் விரோதமானது’ என்று எழுதி அனுப்புபவரின் கடிதமும் கோப்பில்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பிரிவு அலுவலர் எதையும் செய்ய முடியாது.

ஒரு பட்டியலில் ஒரு வரி சேர்வதால் என்ன நடக்கும் என்பதற்கு இதய ஸ்டென்ட்டின் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஸ்டென்ட்டுகள் மருந்து என்ற சட்ட வரையறைக்குள் ஏற்கெனவே வந்திருந்தும், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாததால் அவற்றுக்கு விலை உச்சவரம்பு இல்லை. பிரேந்தர் சங்வான் என்ற வழக்கறிஞர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2016 ஜூலையில் ஸ்டென்ட்டுகள் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் அட்டவணைக்கும் வந்தன. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் சாதாரண உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாயும், மருந்து பூசியவற்றுக்கு 29,600 ரூபாயும் உச்சவரம்பாக அறிவித்தது. அதுவரை மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு நோயாளிகள் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சங்வான் பெரிய அரசமைப்புக் கோட்பாடு எதையும் புதிதாக எழுப்பவில்லை. ஒரு பட்டியலில் இருந்தே ஆக வேண்டிய பொருள் அதில் ஏன் இல்லை என்றுதான் கேட்டார். உச்சவரம்பு வந்த பிறகு சில மருத்துவமனைகள் ஸ்டென்ட்டைப் பொருத்துவதற்கான சிகிச்சைக் கட்டணத்தைக் கூட்டி ஈடுசெய்தன என்ற புகார் வந்தது உண்மை. ஸ்டென்ட்டின் விலைக்கு விதி உண்டு, அந்தச் சிகிச்சைக் கட்டணத்துக்கு இல்லை. பணம் அந்தப் பக்கமாக நகர்ந்தது.

நம் மாநிலத்துக்குப் பெருமை சேர்க்கும் எடுத்துக்காட்டும் இருக்கிறது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நாடாளுமன்றத்தில் 1994இலேயே நிறைவேறியது. அதற்கு முன்பும் அதன் பின்பும் வில்லிவாக்கம் போன்ற பகுதிகளில் வறுமையால் சிறுநீரகத்தை விற்றவர்களின் கதைகள் சென்னைக்காரர்களுக்குப் புதியவை அல்ல. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்புகளைப் பெறச் சட்டம் வழிவகுத்திருந்தாலும் அது பரவலாக நடக்கவில்லை. 2008இல் தமிழ்நாடு அரசு அடுத்தடுத்து வெளியிட்ட ஆணைகள்தான் நிலைமையை மாற்றின. எந்த மருத்துவமனை யாருக்குத் தகவல் தர வேண்டும், காத்திருப்போர் பட்டியலில் எந்த வரிசையில் உறுப்பு ஒதுக்கப்பட வேண்டும், விபத்து வழக்கென்றால் பிரேதப் பரிசோதனையை எப்படிச் சேர்த்துச் செய்வது என்று அவை ஒவ்வொன்றாகச் சொன்னன. அதே ஆண்டு செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை மருத்துவர்களான அவருடைய பெற்றோர் தானமாக அளித்தது மக்கள் மனத்தைத் தொட்டது. மனம் தொடப்பட்ட நேரத்தில் நடைமுறையும் எழுத்தில் தயாராக இருந்ததால்தான் அடுத்த குடும்பங்கள் முன்வந்தபோது காரியம் நடந்தது. 2014இல் இதற்கென்று தனி ஆணையம் அமைந்தது. 2023 செப்டம்பர் முதல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதி நிகழ்வுக்கு அரசு மரியாதை தரப்படுகிறது.

இந்தப் பணியில் நான் அதிகம் பார்த்தது ‘ஃபார்ம் 10’ என்ற மூளைச்சாவுச் சான்று. நான்கு மருத்துவர்கள் கையொப்பமிட வேண்டும். பரிசோதனைகளைக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை செய்ய வேண்டும். இரண்டு பரிசோதனைக்கும் நேரம் எழுதும் கட்டங்கள் உண்டு. ஒரு மருத்துவமனையின் கோப்புகளைச் சரிபார்த்தபோது, குடும்பத்தார் உறுப்புக்கான ஒப்புதலில் கையெழுத்திட்ட நேரம் இரண்டாவது பரிசோதனையின் நேரத்துக்கு முந்தையதாக இருந்ததைச் சுட்டிக்காட்டி, அந்த வரிசையை இனி மாற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். மருத்துவ ரீதியாக முடிவு மாறியிருக்காது என்று அவர்கள் சொன்னார்கள், இருக்கலாம். ஒரு குடும்பம் பிற்பாடு ஐயப்பட்டு அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உயிர் இருக்கும்போதே உறுப்பைக் கேட்டார்கள் என்றுதான் படிக்கும்.

இத்துறையில் வருமானம் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து பணம் தருபவை மருத்துவமனைகளும் மருந்து, கருவி நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும்தான். நோயாளிகளுக்காக நடத்தும் வழக்குகளில் கட்டணம் குறைவு, சில சமயம் இல்லை. அரசுக் குழுக்களில் அமர்வதற்குக் கிடைப்பது பயணப்படி. ஆகவே ஒரே வழக்கறிஞர் திங்கட்கிழமை ஒரு மருத்துவமனைக்கு ஆலோசனை சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை மருத்துவமனைக் கட்டணம் பற்றிய குழுவில் கருத்துச் சொல்லும் நிலை எளிதில் வந்துவிடுகிறது. என் கட்சிக்காரர்கள் யார் யார் என்பதைக் குழுவின் முதல் கூட்டத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுவது என் வழக்கம். அப்படிக் கொடுக்கச் சொல்லி எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, கட்டாயப்படுத்த வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி தொலைநிலையில் நடத்தும் மருத்துவச் சட்ட, அறநெறிப் பட்டயம் போன்றவை அடித்தளத்துக்கு உதவும். அதைவிட முக்கியமாக, ஒரு மருத்துவமனையில் சில வாரங்கள் எம்.ஆர்.டி. அறையிலும் பில்லிங் கவுண்டரிலும் ஐ.சி.யு. வாசலிலும் நின்று பார்க்க வேண்டும். தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். நீதிமன்ற ஆங்கிலத்தில் தேர்ந்த பல ஜூனியர்களுக்கு, ஒரு கிராமத்துத் தாய்க்குப் புரியும்படி ஐந்து வரி எழுதச் சொன்னால் வியர்த்துவிடுகிறது.

தற்போது என் மேசையில் அதிகம் இருப்பவை லிவிங் வில் எனப்படும் விருப்ப ஆவணங்கள். மீள முடியாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற சிகிச்சை தமக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என 2018 மார்ச்சில் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் குற்றவியல் நடுவர் மேலொப்பம் இட வேண்டும் என்பது உள்ளிட்ட அன்றைய நடைமுறை, உரிமை இருந்தும் எவரும் பயன்படுத்த முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்தது. 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதைத் திருத்தி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும் என்றது. ஆவணத்தின் நகலை உள்ளாட்சி அமைப்பின் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், அந்த அமைப்பு அதைப் பாதுகாக்க ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பின் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்காக ஆவணத்தைத் தமிழில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் முடித்து, நகலோடு அவருடைய உள்ளாட்சி அலுவலகத்துக்குச் சென்றோம். தபால் பிரிவில் இருந்தவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, ‘ஐயா, இதுக்கு எந்த செக்‌ஷன்னு தெரியலையே, மேல கேட்டுச் சொல்றோம்’ என்று மரியாதையாகவே சொல்லி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை மட்டும் குத்திக் கொடுத்தார். அப்படிப்பட்ட அதிகாரியை ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பெயர் குறிப்பிட்டு நியமிக்கவும், பதிவேடு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லவும் ஒரு பக்க அரசாணை போதும். அதற்கான வரைவு ஒன்றை எழுதி உரிய துறைக்கு அனுப்பியிருக்கிறேன். என்னிடம் வருபவர்களிடம் இன்னொரு நகலைக் குடும்ப மருத்துவரிடமும், வழக்கமாகச் செல்லும் மருத்துவமனையின் கோப்பிலும் சேர்த்துவிடுமாறு சொல்லி அனுப்புகிறேன்.